சிவப்புப் பொட்டு வைத்த பேட்டரிகள்

பேட்டரி சோதிக்கும் தொழிலுக்கு வந்தவன் எவனும் ஓட்டை இல்லாத வேட்டியோடு வீடு திரும்பியதில்லை. ஆசிட் ஒரு சொட்டுத் தெறித்தால் போதும், துவைக்கப் போட்டதும் அந்த இடம் சல்லடையாகிவிடும். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம், ராவுத்தர் ஒருவரின் மோட்டார் எலெக்ட்ரிக் கடையில் எனக்கு அந்த வேலை. விடியற்காலையில் கிளம்ப மறுத்த காரைத் தள்ளித் தோள்பட்டை நொந்த புண்ணியவான்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் தள்ளிய கார்களில் ஒன்றிரண்டு என் தயவால் நின்றவையாகக்கூட இருக்கலாம்.

பொட்டு

அப்போது வெளியூரில் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் அதை நேரே எங்கள் கடைக்குத்தான் தூக்கி வருவார்கள். புதிது என்று விற்றது கடை மூலையில் எத்தனை மாதம் கிடந்ததோ, யார் கண்டது? மேலே ஈயப் பட்டையில் குத்தியிருக்கும் மாதத்தையும் வருஷத்தையும் பார்ப்பேன். பிறகு ஒவ்வொரு செல்லின் மூடியையும் திறந்து, ஊசி போடும் குழாய் மாதிரி இருக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டை உறிஞ்சி, அதற்குள் மிதவை எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். தேறினால் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பேன். அந்தப் பொட்டுக்கு ஊரில் இருந்த மரியாதை என் தலைக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது உண்மை.

குஜிலியம்பாறை சுப்பையா வாடகைக்குப் பிளஷர் கார் ஓட்டியவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கார் என்று இருந்தது அது ஒன்றுதான். பிரசவமோ பாம்புக்கடியோ, பஸ் இல்லாத வேளையில் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வர அவரை விட்டால் மாட்டு வண்டிதான் கதி. அவர் மூன்று செல் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று சந்தை நாள், கடையில் நெருக்கடி. தேதியைப் பார்த்தேன். முதல் செல்லையும் கடைசி செல்லையும் பார்த்தேன். இரண்டும் நன்றாக இருக்கவே பொட்டை வைத்துவிட்டேன். "இன்னொரு தடவை பாக்கணுமா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"பொட்டு வச்சாச்சுல்லண்ணே, அம்புட்டுத்தான். நான் போயிட்டு வாரேன்."

பூட்டுக்காரரின் நகம்

பக்கத்துப் பட்டறையில் பூட்டுச் செய்த சவரிமுத்து, பீடிக்கு நெருப்புக் கேட்டு எங்கள் கடைக்கு வருவார். ஒருநாள் அப்படி வந்தவர், நான் தேதி பார்த்து முடித்திருந்த ஒரு பேட்டரியின் ஈயப் பட்டையில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். ஓட்டியவர் திரும்பவும் ஓட்டினார். "தம்பி, மத்த எழுத்தெல்லாம் மட்டத்துல இருக்கு. இந்தக் கடைசி எழுத்து மட்டும் குழியில உக்காந்திருக்கு பாரு" என்றார். நானும் நகத்தால் தடவினேன். பழைய வருஷத்தை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, அதே இடத்தில் புது வருஷத்தைக் குத்தியிருந்தார்கள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் நான். அவரோ பீடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நகத்தால் பார்த்தார். அசந்துபோய், "எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"அரம் பிடிச்சவன் ஓடிப்போயிரலாம். அரம் போன இடம் எங்க போகும்?"

நடு மூடி

ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த ஒரு அம்மா, பழம் ஏற்றும் வேனுக்கு வாங்கிய பேட்டரியோடு வந்தார். நான் வழக்கமான சுறுசுறுப்பில் இரண்டு ஓரச் செல்களையும் பார்த்துவிட்டுப் பெயிண்டு டப்பாவை எடுத்தேன்.

"ஏனுங்க, நடுவுல ஒண்ணு இருக்குதே, அதைத் தொறக்கவே இல்லீங்களே?" என்றார்.

"ரெண்டு பக்கமும் நல்லா இருந்தா நடுவும் நல்லா இருக்கும்மா" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

அவர் கோபப்படவில்லை. "கூடைய வாங்க வாரவன் மேலயும் பாப்பான், கவுத்து அடியிலயும் பாப்பானுங்க. அதனால சொத்தைய நடுவுலதானுங்க வெப்பாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நடு மூடியைத் திறந்தேன். அது நல்ல செல்தான், மிதவை ஜம்மென்று எழும்பியது. ஆனால் பத்து நாளைக்கு முன் சுப்பையாவின் பேட்டரியில் நான் திறக்காத மூடி அந்த நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வந்தது. "நல்லாத்தான் இருக்கும்மா" என்று ஈனஸ்வரத்தில் சொன்னேன்.

"நல்லா இருக்குதுன்னு தெரியறதுக்கும் பாக்கோணுமுங்களே."

குஜிலியம்பாறை மேடு

ராவுத்தரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மொத பஸ்ஸைப் பிடி அப்பு. உன் பொட்டை நம்பி ஒருத்தன் உசுரை ஏத்திக்கிட்டுப் போறான்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை, சார்ஜ் ஏற்றிய வேறொரு பேட்டரியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சுப்பையாவின் கார் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில், சரிவைப் பார்த்து நின்றது. சக்கரத்துக்கு முன்னால் கல். உருட்டிவிட்டால்தான் கிளம்புகிறதாம். இரண்டு நாளைக்கு முன் இடுப்பு வலி கண்ட பெண்ணை உட்கார வைத்து, எட்டுப் பேர் அந்த மேடு வரைக்கும் தள்ளி வந்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நடு மூடியைத் திறந்து ஆசிட்டை உறிஞ்சினேன். மிதவை அடியிலேயே கிடந்தது. "தப்பு என்னுதுதான். அன்னிக்கு இந்த மூடியை நான் திறக்கவே இல்ல" என்றேன். நாலு வார்த்தை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

சுப்பையா என்னைவிட அதிகமாகச் சங்கடப்பட்டார். "சார்ஜ் ஏறலையோன்னு நான் டைனமோவை ரெண்டு வாட்டி கழட்டி மாட்டிட்டேண்ணே. இம்புட்டு நாளும் என் வண்டியத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன். பொட்டு வச்ச பேட்டரியச் சந்தேகப்படத் தோணலை" என்றார். அந்த மனுஷனுக்கு முன்னால் நான் எவ்வளவு சின்னவன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கொண்டுபோன பேட்டரியின் மூன்று செல்களையும் அவர் கண் முன்னாலேயே சோதித்து மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது. பொட்டு வைக்க எனக்குக் கூச்சம். பெயிண்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சுப்பையா பேட்டரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கும் ஒண்ணு வச்சிருங்கண்ணே. பொட்டு இல்லாம புள்ளைத்தாச்சிய ஏத்த எனக்கு மனசு வராது."

அன்றிலிருந்து நான் வைத்த பொட்டுகள் குறைந்தன, என் வேட்டியில் ஓட்டைகள் கூடின.