சராத்தவ்காரர்களின் மேடையில் ஒரு மாயவரத்துக்காரி

ஈரக் கம்பளிக் கோட்டின் வாடையும், வேகும் பீட்ரூட்டின் வாடையும், சூடேறும் நீராவிக் குழாயின் துருவாடையும் கலந்த ஒரு காற்று, நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அசையாமல் நிற்கும். எழுபதுகளின் தொடக்கம் அது. கனடாவில், மொன்றியலின் கோத்-தே-நேஜ் பகுதி. அப்பா டோர்வலில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். எனக்குப் பத்து வயது. அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கியவர்களில் தமிழர்கள் நாங்கள் மூவர் மட்டுமே; மற்றவர்களில் பாதிப் பேர் ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் இருக்கும் சராத்தவ் என்ற ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள்.

தலைநகரத்துக்காரர்கள் சராத்தவைப் பட்டிக்காடு என்பார்களாம். சராத்தவ்காரர்கள் தலைநகரத்தைச் சந்தைக்கடை என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் சிதறி எங்கெங்கோ திரிந்து மொன்றியலுக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த கலீனா பெத்ரோவ்னா அங்கே இசைநாடக மேடையில் பாடியவர், இங்கே கோட்டுத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தார். லெவ் மாமா அங்கே திருவிழாக்களில் "கர்மோஷ்கா" என்ற சிறிய துருத்திப் பெட்டியை வாசித்தவர், இங்கே விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றினார். கீழ்வீட்டுச் சோயா அங்கே சர்க்கஸில் அந்தரத்தில் கம்பிமேல் நடந்தவர்; இங்கே சமதரையில் கைத்தடி ஊன்றி நடந்தார்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் "சராத்தவ் மாலை" நடக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், சாப்பிடலாம், பாத்திரம் கழுவலாம். ஆனால் மேடை ஏறுபவர் சராத்தவில் பிறந்தவராக இருக்க வேண்டும். ஏறியதும், கலையைக் காட்டுமுன், தான் பிறந்த தெருவின் பெயரைச் சொல்ல வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சோயா தடியால் தரையை ஒருமுறை தட்டி, "எந்தத் தெரு?" என்று கேட்பார். லெனின்கிராடில் பெரிய சங்கீதப் பள்ளியில் படித்த வயலின்காரர் ஒருவர், தெரு சரியில்லாத குற்றத்துக்காகப் பதினோரு ஆண்டுகளாக அந்தக் கூடத்தில் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார். அரசாங்க விதி என்றால் மேல்முறையீடு உண்டு, காலக்கெடு உண்டு, மறுபரிசீலனைக் குழு உண்டு. எழுதப்படாத விதிக்கு இவை எதுவும் கிடையாது. சோயா மட்டும் உண்டு.

என் அம்மா மாயவரத்தில் பத்து ஆண்டுகள் முறையாகப் பாட்டுக் கற்றவர். முதல் கச்சேரிக்கு நாள் பார்த்திருந்த சமயத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் பார்க்க வந்த அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, "பாட்டெல்லாம் நல்லதுதாம்மா, ஆனா வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்" என்றாராம். அம்மா பதினான்கு ஆண்டுகள் அந்த உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார்: சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. ஆனால் மொன்றியலின் நீராவிக் குழாய்கள் அத்தைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. குரல் அவற்றின் வழியே மேல்வீட்டுக்குப் போனது. கலீனா பெத்ரோவ்னா ஊறுகாய் ஜாடியோடு இறங்கி வந்தார். உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம்: இந்தக் குரலைச் சமையலறையில் வைத்திருப்பவளைச் சிறையில் வைக்க வேண்டும்.

அம்மா சராத்தவ் மாலையில் பாடியே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், அவர்களுடைய குழு எங்கள் வீட்டிலேயே கூடியது. சோயா தேநீரை வாங்கிக்கொண்டார்; அம்மாவை மேடையேற்ற மறுத்தார். அப்போது லெவ் மாமா ஒரு வழி சொன்னார்.

"ஜெர்மன் தெருன்னு சொல்லட்டும். ஆட்சி மாற மாற அந்தத் தெருவுக்குப் பெயரை மாத்தியாச்சு. யார் போய்ப் பார்க்கப்போறாங்க?"

சோயா யோசித்தார். "சொன்னால் போதும். சான்றிதழ் கேட்க மாட்டேன்" என்றார்.

இப்படியாக என் அம்மா ஒரு பொய்யைச் சொல்லும் நிபந்தனையின் பேரில் தகுதி பெற்றார். "நான் சராத்தவ், ஜெர்மன் தெரு" என்ற ரஷ்ய வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, இரண்டு வாரம் நான்தான் அவரை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டேன். லெவ் மாமா தன் கர்மோஷ்காவோடு சுருதி போட வந்தார். அந்தப் பெட்டியின் தலையில் இரண்டு மணிகள் உண்டு. பழக்கதோஷத்தில் விரல் அவற்றை அடித்துவிடும். தவிர, துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரமும் மூடும்போது வேறு சுரமும் வருவதால், அம்மாவின் ஐந்து கட்டைச் சுருதி பாதி நேரம்தான் ஒலிக்கும், மீதி நேரம் மௌனம். அம்மா அந்த இடைவெளிகளில் தானாக நிற்கப் பழகினார்.

ஆனால் சாயங்காலங்களில் அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கியது.

"சொல்லிட்டுப் போயேன். ஒரு வரிதானே?" என்றார் அப்பா. "விசா ஃபாரத்துல நாம எழுதாத பொய்யா?"

"நீங்க எழுதினீங்க. நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"இல்லேன்னா சேர் தூக்க வெச்சிடுவா அந்தக் கிழவி."

அம்மா சிரிக்கவில்லை. "பாடப்போறதே ஒரு தடவை. அதையும் வேற யாரோவா நின்னு பாடணுமா?"

அந்தச் சனிக்கிழமை அம்மா மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையும், உள்ளே அப்பாவின் கம்பளிக் காலுறையும் அணிந்து மேடை ஏறினார். சோயாவின் தடி தரையைத் தட்டியது. "எந்தத் தெரு?" அம்மா என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்து ஜெர்மன் தெருவை நினைவூட்டினேன்.

"மாயவரம்," என்றார் அம்மா. "பட்டமங்கலத் தெரு. பச்சைக் கதவு போட்ட வீடு."

தமிழில்தான் சொன்னார், ஆனால் யாருக்கும் புரியாமல் இல்லை. சோயா மறுபடி கேட்டார். அம்மா மறுபடி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். தடி இரண்டு முறை தட்டியது. இறங்கு என்று பொருள். லெவ் மாமாவின் கைகள் பெட்டிமேல் நின்றுவிட்டன. "இறங்கிடுடி" என்று எனக்குப் பின்னால் அப்பா முணுமுணுத்தார்.

அம்மா மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். சுருதியைத் தானே மெல்லப் பிடித்து, தோடியில் ஒரு கீர்த்தனையை எடுத்தார். தடி தட்டிக்கொண்டே இருந்தது. அம்மா அதைத் தாளம் தெரியாத ஒரு பக்கவாத்தியமாகக் கருதி மேலே போனார். அனுபல்லவி வரும்போது லெவ் மாமா ஒரு பெருமூச்சு விட்டுத் துருத்தியை விரித்தார். சுருதி வந்தது, போனது, வந்தது. மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. பின்னால் நாற்காலி ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. லெனின்கிராட் வயலின்காரர் வயலினை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்து போய், தன் தெருவின் பெயரை, தன்னுடைய ஊரின் பெயரோடு சொன்னார். ஒவ்வோர் ஆண்டும் அதைக் கொண்டுவந்து கோட்டு அறையில் ஒளித்து வைத்திருந்தாராம்.

"அப்போ நாற்காலியை யார் எடுத்து வைப்பது?" என்று சோயா கத்தினார். பிறகு எழுந்தார். "இது சராத்தவ் மாலை இல்லை. ரயில் நிலையம்." அவரும், அவரோடு ஐந்து பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள்.

மறுவருடம் சோயா வேறொரு கூடத்தில் கலப்படமில்லாத சராத்தவ் மாலை நடத்தினார். மேடையில் இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் ஏறக்குறைய சமம். படிக்கட்டில் அம்மாவோடு அவர் பிறகு பேசவே இல்லை. அம்மா ஒவ்வொரு முறையும் "போன்ஜூர் மதாம்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். செய்தி எப்படியோ ஊருக்குப் போய், பெரிய அத்தையிடமிருந்து கண்டித்து நீல விமானக் கடிதம் வந்தது. அம்மா பதிலில் அடுத்த பிப்ரவரியில் பாடப்போகும் கீர்த்தனைகளின் பட்டியலை எழுதி அனுப்பினார்.

அரசுப் பணியில் காலமெல்லாம் விண்ணப்பங்களைச் சரிபார்த்த எனக்குச் சோயாவின் கட்சி புரியாமல் இல்லை. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களிடம் மிஞ்சியிருந்தது அந்தத் தெருப்பெயர்கள்தாம். காவல் காக்கத்தான் வேண்டும். ஆனால் பொய் சொன்னால் அனுமதி, உண்மை சொன்னால் வெளியேற்றம் என்று ஒரு விதி வந்து நிற்கும்போது, அதைத் திருத்தக் குழு அமைக்கத் தேவையில்லை. மேடையில் உட்கார்ந்துவிட்டால் போதும்.

அந்தத் தேவாலயம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அடித்தளக் கூடத்தில் கார்கள் நிற்கின்றன. சராத்தவில் பிறந்தவர்களில் ஒருவரும் மிச்சமில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் பிரெஞ்சு பேசிக்கொண்டு நலமாக இருக்கிறார்கள். எந்தத் தெரு என்று கேட்டால் தங்கள் தெருவைச் சொல்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

போன குளிர்காலத்தில் அம்மா இறந்தார். பதிவு அலுவலகத்தில் இருந்த இளைஞன் மரியாதையானவன். பிறந்த இடம் என்ற சிறிய கட்டத்தைக் காட்டி, "'இந்தியா' போதும், மதாம். மற்றதற்கு இடம் இல்லை" என்றான். இணைப்புத் தாள் உண்டு என்றேன். அப்படி யாரும் கேட்டதில்லை என்றான். விதியின் எண்ணைச் சொன்னேன். அவன் உள்ளே போய்த் தேடி எடுத்து வர இருபது நிமிடம் ஆனது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது, சிலர் முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. தாள் வந்ததும் மாயவரம், பட்டமங்கலத் தெரு, பச்சைக் கதவு போட்ட வீடு என்று முதலில் தமிழில், பிறகு பிரெஞ்சில், பெரிய எழுத்தில் எழுதினேன்.