முதல் பந்தை யார் கொடுப்பது?

போன ஞாயிறு நான் எதிரணிக்காகக் கத்தினேன்.

வாசித்தது சரிதான். நாலு வருடமாக மழை, குளிர், பக்கத்துத் தோட்டத்து உர நாற்றம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஒரே பேஸ்பால் டீமைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் நான். அந்த டீம் தோற்கப்போகும் நொடியில், எதிரணி ஆளைப் பார்த்து "ஓடு" என்று கத்தினேன். தொண்டை கிழிய... தமிழில்.

காரணம்? ஒரு பந்து, ஒரு தொப்பி, என் மச்சான் டிலக்சன்.

முதலில் டீம். ஷ்லீரன் என்கிற எங்கள் ஊரில், ரயில் தண்டவாளத்துக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவில் எங்கள் மைதானம். எங்கள் ஆள் ஓங்கி அடித்தால் பந்து யாரோ ஒருவரின் சலாட் பாத்தியில் போய் விழும். பார்வையாளர்கள் பன்னிரண்டு பேர், நாயையும் சேர்த்து. தமிழ் ஆள் நான் மட்டும்தான். "கிரிக்கெட் விளையாடத் தெரியாத ஆக்கள் விளையாடுறதை நீ ஏன்ரா போய்ப் பாக்கிறாய்?" என்று அப்பா இன்றைக்கும் கேட்கிறார்.

மைதானத்தில் எனக்கு ஒரு பதவியும் உண்டு. யார் எத்தனை ஓட்டம் என்று எண் பலகைகளை ஆணியில் கொழுவுவது. அதற்குக் கூலி, சுட்ட சொசேஜ் ஒன்று. தொப்பி? கிடையாது. டீம் தொப்பி விளையாடுகிறவர்களுக்கு மட்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். லூசு.

இந்த சீசன் தொடங்கியது சித்திரையில். எங்கள் வருடப்பிறப்புக் கிழமை. மேட்சுக்கு முன்னால் கேப்டன் ரெட்டோவுக்கு அம்மா பொரித்துத் தந்த ரோல்ஸ் கொடுத்துக்கொண்டே கைவிசேஷம் பற்றி அளந்துவிட்டேன். வருடத்தின் முதல் காசைக் கைராசி உள்ள ஒருவரிடம் வாங்கவேண்டும், அப்போதுதான் வருடம் முழுக்க நல்லது நடக்கும், அம்மா இதற்காகவே அட்லிஸ்விலில் இருக்கிற ஒரு மாமியிடம் என்னை ரயிலேற்றி அனுப்புவார்... இப்படி.

பேஸ்பால் விளையாடுகிறவர்களுக்கு இந்த மாதிரிக் கதை சொல்லவே கூடாது. வென்ற நாளில் போட்ட சொக்ஸைத் தோய்க்காமல் அடுத்த மேட்சுக்கும் போடுகிற கூட்டம் அது. ரெட்டோவின் கண் விரிந்தது. "அப்ப இந்த சீசனின் முதல் பந்தை எங்கள் பிட்சர் கையில் நீ கொடு!" என்றான்.

கொடுத்தேன். வலது கையால், முறையாக.

2–14. தோல்வி.

அடுத்த ஞாயிறு மாமி, அதாவது டிலக்சனின் அம்மா, போன் பண்ணினார். "தம்பி, இவன் நாள் முழுக்க போனும் கையுமாக் கிடக்கிறான். உன்னோட எங்கயாவது கூட்டிக்கொண்டு போவன்." கூட்டிக்கொண்டு போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி:

"மச்சான், விக்கெட் எங்க?"

டிலக்சனின் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு ரெட்டோ என்னிடம் சொன்னான்: "உன் கை சரிவரவில்லை. உன் சொந்தக்காரனின் கையைப் பார்ப்போம்." டிலக்சன் பந்தை வாங்கி, ஒரு தரம் மூக்கில் வைத்து மணந்து பார்த்து, பிட்சரிடம் நீட்டினான்.

9–3. வெற்றி!

மூன்றாவது கிழமை அவன் வரவில்லை. பந்து கொடுத்தவன் நான். 0–11. நாலாவது கிழமை அவன் வந்தான். 7–6.

ஒரு கிழமை சிங்கம், மறு கிழமை நனைந்த கோழி. இதுதான் எங்கள் டீமின் சீசன் தொடக்கம்.

ஆனால் இதற்கு என்னிடம் விளக்கம் இருந்தது. எங்கள் நல்ல பிட்சர் மிகுவேல் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. ஒன்றுவிட்ட ஞாயிறுதான் அவனுக்கு லீவு. டிலக்சன் ஹோட்டலில் காலைச் சாப்பாடு பரிமாறுகிறவன். அவனுக்கும் ஒன்றுவிட்ட ஞாயிறு லீவு. இரண்டும் ஒரே ஞாயிறு! அவ்வளவுதான் விஷயம். மிகுவேல் எறிந்தால் வெற்றி, எறியாவிட்டால் தோல்வி. இதில் கை எங்கே வந்தது, ராசி எங்கே வந்தது?

ரெட்டோவிடம் சொன்னேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "கைராசி என்று சொன்னதே நீதானே?" என்றான். பிறகு பையைத் திறந்து ஒரு புதுத் தொப்பியை எடுத்தான்... எடுத்து டிலக்சனின் தலையில் வைத்தான்.

நாலு வருடம் எனக்கு. இரண்டே மேட்ச் அவனுக்கு. பேஸ் எது, பேட் எது என்று தெரியாதவனுக்கு!

படுத்தால் தொப்பி, எழும்பினால் தொப்பி. லெக்சரில் இருந்துகொண்டு அவனுடைய போட்டோவை ஜூம் பண்ணிப் பார்த்தேன். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தான். திருப்பி!

அப்புறம்தான் போன ஞாயிறு வந்தது. வெளி மைதானம், லோசான் பக்கம், ரெனானுக்குக் கிட்ட. மிகுவேலுக்கு வேலை, வரமாட்டான். ஆனால் டிலக்சன் தன் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"என்ன மச்சான் செய்யிறது, நான் இல்லாட்டி தோப்பாங்கள்" என்றான் ஸ்டேஷனில். சிரித்துக்கொண்டே.

எனக்குள் ஒரு பிசாசு கை தட்டியது. அருமையான பரிசோதனை! கைராசிக்காரன் இருக்கிறான், நல்ல பிட்சர் இல்லை. இன்றைக்குத் தோற்றால் என் கட்சி வென்றுவிடும். பந்து திரும்ப என் கைக்கு வரும்.

தோற்றால்... கவனித்தீர்களா? என் டீம் தோற்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு, என் சொந்தக் காசில் இரண்டு மணித்தியாலம் ரயிலில் போனேன்.

அங்கே எண் பலகை கொழுவ அவர்களுக்கு வேறு ஆள். எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத வாய் சும்மா இருக்குமா?

நாசமாய்ப் போக, எங்கள் டீம் நன்றாக விளையாடியது. மிகுவேலுக்குப் பதிலாக எறிந்தவன் பத்தொன்பது வயது யோனாஸ். முகமெல்லாம் வியர்வை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் டிலக்சன் பக்கம் திரும்பிப் பார்த்தான். டிலக்சன் தொப்பியைத் தொட்டுக் காட்டினான். எனக்கு எரிந்தது.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் 5, அவர்கள் 4. இன்னும் ஒரே ஒரு ஆளை அவுட் ஆக்கினால் வெற்றி எங்களுக்கு. ஆனால் அவர்களின் ஓட்டக்காரர் இரண்டு பேர் இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் நிற்கிறார்கள். இரண்டு பேரும் வீட்டுக்கு, அதாவது பேட்டால் அடிக்கிற இடத்துக்கு, வந்து சேர்ந்தால் எங்கள் கதை முடிந்தது.

யோனாஸ் எறிந்தான். டொக்! பந்து எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்து உருண்டது. ஒருவன் வந்து சேர்ந்துவிட்டான், 5–5. மற்றவன் மூன்றாவது பேஸில் தயங்குகிறான்... நிற்கவா, வரவா?

"ஓடு! ஓடடா! நிக்காத, ஓடு!"

அது என் குரல். கை இரண்டும் மேலே. அவன் ஓடினான். சறுக்கி விழுந்து வீட்டைத் தொட்டான்.

5–6.

யோனாஸ் பந்து எறிகிற மேட்டிலேயே குந்தியிருந்து கையுறையால் முகத்தை மூடிக்கொண்டான். அவனுடைய தோள் குலுங்கியது. அப்போதுதான் என் கை இன்னும் மேலே நிற்பது எனக்கே தெரிந்தது.

பக்கத்தில் டிலக்சன். மெதுவாகக் கேட்டான்.

"மச்சான்... நீ ஆருக்குக் கத்தினனீ?"

கையைக் கீழே இறக்கினேன். ரெட்டோ வந்துவிட்டான். வந்தவன் என்னைக் கட்டிப்பிடித்தான். "எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றபோது கடைசிவரை எங்களுக்காகக் கத்தினது நீ ஒருவன்தான்" என்றான். தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தான். வியர்வையில் ஊறிய தொப்பி. "அடுத்த கிழமை பந்தை நீ கொடு."

அங்கே தமிழ் தெரிந்த ஆள் இன்னும் ஒருவன்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். லேஸ் அவிழ்ந்திருக்கவே இல்லை.

திரும்பி வரும் ரயிலில் அம்மாவின் ரோல்ஸ் டப்பா எங்களுக்கு நடுவில். அவன் இரண்டு சாப்பிட்டான். நான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பேர்ண் தாண்டியதும் என் தலையைப் பார்த்தான்.

"தொப்பி நல்லாத்தான் இருக்கு."

"ம்."

"அடுத்த கிழமை நீதானே பந்து குடுக்கிறாய்?"

"ஓம்."

"பாத்துக் குடு மச்சான். எங்கட பிட்சரிட்ட."

அவ்வளவுதான். மூன்றாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். 'எங்கட' என்றான், கவனித்தீர்களா? விக்கெட் எங்கே என்று கேட்டவனுக்கு அது எங்கட டீம். நாலு வருடமாக ஆணியில் பலகை கொழுவிய நான் அதை எப்போது கைவிட்டேன்? எந்த இன்னிங்ஸில்?

நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. தொப்பி மேசையில் இருக்கிறது. ஈரம் காய்ந்துவிட்டது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. யோனாஸுக்கு ஒரு மெசேஜ் எழுதி, அழித்து, எழுதி, அழித்துக்கொண்டிருக்கிறேன். ரெட்டோவிடம் உண்மையைச் சொல்லிப் பந்தை டிலக்சனிடமே கொடுக்கச் சொல்லவேண்டும். ஞாயிறு வருவதற்குள் சொல்லிவிடுவேன்... என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் டீமில் கைராசி யாருக்கு என்று இன்னும் தெரியவில்லை. கண்ணூறு யாருடையது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.