கத்திரிக்காய் அட்டைக்குள் நிலவரி

தண்ணீர் வாங்கி வரத்தான் மனைவி என்னை ரயிலிலிருந்து இறக்கிவிட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருச்சி வண்டி தாம்பரத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் பிளாட்பாரத்தில் ஓர் அம்மாள் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கிறார். கத்திரிக்காய் படம் போட்ட அட்டையைத் திறக்கிறேன். உள்ளே ஜமீன் காலத்து நிலவரி. வாளேந்திய ராஜாவின் அட்டைக்குள் வஞ்சிரமீன் குழம்பு. தேர்தல் அரசியல் என்று எடுத்ததில் தெருக்கூத்து ஒப்பனை. ஒன்றும் புரியவில்லை. ஏதோ புதிய ஆய்வுமுறை போலிருக்கிறது என்று மரியாதையாகத் தலையாட்டுகிறேன்.

“இன்னா சார் முழிக்கிற? மழையில அட்டையெல்லாம் கயண்டுகிச்சி. கைக்கு வந்தத ஒட்டிட்டேன்.”

“அப்போ ராஜா கதை எதுக்குள்ளம்மா இருக்கு?”

“அத்த நீதான் படிச்சிப் பாக்கணும்.”

படிக்கிறேன். ராஜாவின் அட்டைக்குள் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் குரல் கொடுக்கிறார்.

“சார், அது உன் வண்டியா? போய்கினு கீதே!”

காசைக் கொடுத்து, மூன்றையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறேன். கடைசிப் பெட்டியும் என்னைக் கடந்து போய்விடுகிறது.

போனில் மனைவிக்கு எல்லாவற்றையும் விளக்குகிறேன், அந்த அட்டைகள் உட்பட. வண்டலூரைத் தாண்டிக்கொண்டிருக்கும் அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறாள்:

“சரி, தண்ணியாவது வாங்கினீங்களா?”