மூன்று நிமிடம்

கரீமா அக்காவுக்குக் காலில் சக்கரம். மேட்டுப்பாளையம் மாத்திரை கம்பெனியில் பதினொரு வருடமாகப் பவுடர் கலக்கும் பிரிவில் காண்டிராக்ட் வேலை. மிஷின் சுற்றும் நேரத்தில்கூடத் தரையைத் துடைப்பார், சல்லடையைக் கழுவுவார். "கொஞ்சம் உக்காருங்கக்கா, பாக்குற எனக்கே மூச்சு வாங்குது" என்பேன். நான் அங்கே லேபில் டெஸ்ட் பார்ப்பவள்.

மருந்துப் பவுடரோடு கடைசியில் மெக்னீசியம் ஸ்டியரேட் சேர்ப்போம். கொழுப்பு அமிலத்தின் உப்பு, சோப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. மாத்திரை அச்சில் ஒட்டாமல் காப்பாற்றும். ஆனால் சோப்பு போலத் தண்ணீரில் கரையாது, தண்ணீரை அண்டவும் விடாது. அதனால் மூன்று நிமிடம் கலந்தால் போதும். கூடினால் அது மருந்துத் துகள்களை மூடிக்கொள்ளும், மாத்திரை வயிற்றில் உடையாது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். ரெக்கார்டின் நேரக் கட்டத்தில் 'மூன்று நிமிடம்' என்று முதலிலேயே எழுதிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை அக்காவும் எழுதிவிட்டு, சல்லடை கழுவப் போய்விட்டார். கரண்ட் போய் வந்தது. திரும்பி வந்து பார்த்தால் டைமர் பூஜ்யத்தில் நிற்கிறது. எவ்வளவு ஓடியது என்று யாருக்குத் தெரியும்? குறையாமல் இருக்கட்டும் என்று மறுபடி ஓட்டினார். மனசு ஆறாமல் இன்னொரு தரம் ஓட்டினார். பெருநாளுக்கு அல்வா கிண்டுகிற கை. கிண்டினால் கெட்டுப்போகும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மாத்திரைகள் பளபளவென்று வந்தன. பிரஷர் மாத்திரை. சூப்பர்வைசர் தணிகாசலம் சார் பாராட்டினார். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் ஆறு மாத்திரையோடு என்னிடம் வந்தார்.

"நிர்மலா, இத தண்ணில போட்டுப் பாருடி. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

நடந்ததைச் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. திங்கட்கிழமை பர்மனென்ட் லிஸ்ட் வருகிறது, அதில் இவர் பெயரும் இருப்பதாகப் பேச்சு.

"உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்காதீங்கக்கா. நாளைக்கு எப்படியும் சேம்பிள் வரும். அதுல தெரிஞ்சா தெரியட்டும், ரெக்கார்டுல மூணு நிமிஷம்னுதான இருக்கு, யாரும் உங்கள கேக்க மாட்டாங்க."

"ஆறு மாத்திரதான எடுப்பீங்க? அந்த ஆறும் தப்பிச்சு, மீதி எவன் வயித்துலயாவது முழுசா கெடந்தா?"

உடம்புச் சூட்டில் தண்ணீர் வைத்திருக்கும் டெஸ்ட் கருவியில் ஆறையும் போட்டேன். பதினைந்து நிமிடத்துக்குள் உடைய வேண்டும். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. ஆறும் புளியங்கொட்டை மாதிரி முழுசாகக் கிடந்தன. அவரும் அசையவில்லை.

பிறகு ரெக்கார்டைக் கொண்டுவந்தார். 'மூன்று நிமிடம்' என்பதை ஒரே கோடாக அடித்து, கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் எழுதினார்: 'தெரியாது'. எங்கள் கம்பெனியில் அந்தக் கட்டத்தில் அதுவரை யாரும் எழுதாத வார்த்தை.

முழு பேட்ச்சும் அழிக்கப்பட்டது. திங்கட்கிழமை லிஸ்டில் ஐந்து பெயர். கரீமா இல்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவரைத் தேடிக் கலக்கும் பிரிவுக்கு ஓடினேன்.

மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. ரெக்கார்டில் நேரக் கட்டம் காலியாக இருந்தது. அக்கா சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, நகராமல் நின்றார்.

"பேசாதடி, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு" என்றார்.