மச்சானின் ராஸ்பெரி வாளிகள்

என் ராத்தாவைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டோடு வந்தபோது, மச்சான் குளிர்மலை ஊரான பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது மூன்று ராஸ்பெரிக் கன்றுகளை. எங்கள் சாய்ந்தமருது வெயிலில் இறங்கியபோது கன்றுகளைவிட அவர்தான் அதிகம் வாடியிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளைதான் மூட்டை கட்டி வர வேண்டும். வீடு ராத்தாவுடையது, அதைச் சுற்றிய வளவு வாப்பாவுடையது. அந்தக் கன்றுகள் மட்டுமே மச்சானுடையவை. பெயின்ட் வாளிகளுக்கு அடியில் அவர் ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

வாப்பா அவரோடு நேருக்கு நேர் கதைத்ததே இல்லை. கோபம் ஒன்றுமில்லை. தூரத்து மாப்பிள்ளையிடம் ஒரு கூச்சம், அதை மறைக்க ஒரு முறைப்பு. சொல்ல வேண்டியதை ராத்தா வழியாகச் சொல்வார். ஆனால் தன் வரிப்பத்தான்சேனை வயலிலிருந்து ஒரு சாக்கு மண்ணைச் சுமந்து வந்து, வாளிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தண்ணீரைப் பிடித்தால் விடாத கறுத்தக் களிமண். நெல்லுக்கு அதுதான் பொன். ராஸ்பெரிக்கு ஆகாது என்று மச்சானுக்குத் தெரியும். மாமனார் தந்த மண்ணை எந்த முகத்தோடு வேண்டாமென்பது? அதையே நிரப்பினார்.

முதல் கன்று மஞ்சளாகிச் செத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகி நாறியது. இரண்டாவதும் அப்படியே போனது. மச்சான் தண்ணீர் ஊற்றாத நாட்களிலும் மண் சொதசொதவென்று கிடந்தது.

“ஆரோ வேணுமெண்டு தண்ணி ஊத்துறாங்க,” என்றார் ராத்தாவிடம். “மூண்டாவதும் செத்தா நான் இந்த வீட்டுல இரிக்க மாட்டன். உன்னக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருவன்.”

ராத்தாவுக்கு அப்போது ஏழு மாதம். செடி செத்தால் போய்விடுவோம் என்பதை மட்டும் அழுதுகொண்டே வாப்பாவிடம் சொன்னாள். தண்ணீர்ச் சந்தேகத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் மச்சான் குசினிக் கதவுக்குப் பின்னால் காத்து நின்றார். அவர் ஏதும் செய்துவிடக் கூடாதே என்று நானும் ராத்தாவும் பக்கத்தில் நின்றோம். தண்ணீர்க் கேத்தலோடு வந்தது வாப்பாதான். மூன்றாவது வாளியின் முன் குந்தியிருந்து தொழுகைக்கு வுழு செய்தார். கை, முகம், முழங்கை என்று கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டையும் வெளியே விடவில்லை. மிச்சத்தையும் வேரில் ஊற்றி, இலையைத் தடவி, “செத்திராத வாப்பா,” என்றார் செடியிடம், பிள்ளையைக் கொஞ்சுவதுபோல்.

ராத்தா சட்டையைப் பிடித்திழுக்க இழுக்க, மச்சான் வெளியே போய்விட்டார். வாப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“இது ஏன் இப்பிடி வாடுது? ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் தண்ணி குடுக்கிறனே.”

அவர் மச்சானிடம் நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். தண்ணீர் என்று சொன்னால் வாப்பாவின் கை பிழை. மண் என்று சொன்னால் வாப்பாவின் வயல் பிழை. மச்சான் வாளியின் பக்கத்தில் குந்தினார்.

“பிழை என்னிலதான் மாமா. வாளிக்கு ஓட்டை காணாது, இன்னும் போட்டிரிக்கணும்.”

வாப்பா தொழப் பள்ளிக்குப் போனார். திரும்பி வந்தபோது மச்சான் செடியைக் கிளப்பி, வேரைக் கழுவி, தென்னந்தும்புச்சோறு, உமிக்கரி, கரடான ஆற்று மணல் எல்லாவற்றையும் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் அடியால் ஓட வேண்டும், அதுதான் கணக்கு. வாப்பா வெறும் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடி முழுக்கச் சல்லடையாக ஓட்டைகள்.

“ஓட்டை காணும் மகன்,” என்றார். “நான்தான் ஊத்தி ஊத்திச் சாகடிச்சுப்போட்டன். அதுக்காக எண்ட புள்ளயக் கூட்டிட்டுப் போயிராதீங்க.”

மச்சான் பிசைந்த கையை உதறிவிட்டு எழுந்தார்.

“உமிக்கரி காணாது மாமா,” என்றார். “நெல் மில்லுக்குப் போய் வருவமா?”

ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் போனார்கள். ராத்தா அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்; நானும்தான்.

ராத்தாவின் மகள் இந்த வளவில்தான் நடை பழகினாள். செடி தழைத்து நிற்கிறது. இந்த வெயிலில் அது காய்க்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. வாப்பா இப்போது குழாயடியில்தான் வுழு செய்கிறார். முடித்ததும் கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, “இண்டைக்கு ஊத்தலாமா மகன்?” என்று மச்சானிடம் கேட்கிறார்.