டிங்கரின் உள்ளங்கை

நசுங்கிய காரைத் தட்டிச் சரிசெய்தபின் டிங்கர் கண்ணால் பார்த்ததோடு விடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தகரத்தின் மேல் உள்ளங்கையை ஓட்டுவார். நூலளவு மேடு இருந்தாலும் கை சொல்லிவிடும். பட்டறையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு மேடு மட்டும் அடங்கவில்லை. அது மனைவியின் தோளில் இருந்தது. முதல் புருஷன் சட்டையில் அடுப்புத் தீ பற்றியபோது பாய்ந்து காப்பாற்றியவள் அவள். அதில் பட்ட தீப்புண் ஆறியும் தழும்பு ஆறவில்லை. சிவந்து தடித்து விரல் நீளத்துக்கு எழும்பி நின்றது. அந்த மனிதர் பிறகு ஏதோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். டிங்கர் இவளைக் கட்டி ஐந்து வருஷம் ஆகிறது. போனவர் தழும்பையும் கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா? டிவி பார்க்கும்போதும் அவள் விரல் தன்னால் அங்கே போகும். டிங்கருக்கு வயிறு எரியும். செத்தவனோடு எந்தத் தெருவில் நின்று மல்லுக்கட்டுவது?

"அரிக்குதுன்னு சொன்னியே, புதுசா லேசர் வந்திருக்காம். வா, காட்டிட்டு வரலாம்" என்றார், அக்கறையே உருவாக.

"இத்தனை வருஷம் இருந்துச்சு, இருந்துட்டுப் போகட்டுமே."

"இருந்தது போதும்!" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

தோல் டாக்டரம்மா விளக்கினார். "லேசரால தழும்புல பொடிப்பொடியா ஓட்டை போடுவோம். அது வழியா மருந்து உள்ள இறங்கும். தழும்பு அமுங்கும். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது."

மாதம் ஒரு தடவையாக ஐந்து தடவை. காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவர் ஐந்து தடவையும் லீவு போட்டார். "பொண்டாட்டி மேல என்ன பாசம்!" என்று பட்டறையே மெச்சியது. ஆமாம், பாசம்தான்!

அவள் அதிர்ஷ்டம், மருந்து கேட்டது. ஐந்தாவது தடவை முடிந்த சில வாரங்களில் தழும்பு படிந்து, வெளிறிய நிறம் மட்டும் மிஞ்சியது. ஒரு மாலை டிங்கர் கண்ணை மூடி, தொழில் சுத்தமாக அவள் தோளில் உள்ளங்கையை ஓட்டினார். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க இருந்துச்சுன்னே தெரியல பாரேன்!"

அவளும் கண்ணை மூடித்தான் இருந்தாள். "அங்க இல்லங்க" என்றாள். அவர் கையைப் பிடித்து இரண்டு விரற்கடை கீழே நகர்த்தி வைத்தாள். "இங்க."

டிங்கரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை லேசர் வச்சுப் பாக்கலாமா?" என்றார்.

"அதான் சுத்தமா போயிடுச்சே, இன்னும் எதுக்குங்க?" என்றாள் அவள்.