எடைக் கொட்டகை மெட்டும் கம்பெனி நோட்டீசும்

சினிமா மெட்டுக்குச் சொந்தமாக வார்த்தை எழுதுவது விசித்திரமான தொழில்: மெட்டுப் போட்டவருக்கு நம்மைத் தெரியாது, பாடுகிறவர் நம்மை மறந்துவிடுவார், மாட்டிக்கொண்டால் மட்டும் எல்லாருக்கும் நம் பெயர் ஞாபகம் வரும். நான் சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கல்யாணம், சடங்கு, கோயில் பெருநாள் எது வந்தாலும் பாட்டு எழுதிக் கொடுப்பேன். மேடை மட்டும் ஏறமாட்டேன். பிடித்த நடிகருக்காகப் படத்தை வெட்டி ஒட்டி வீடியோ செய்து பறிகொடுத்தவர்களே, பிடித்த பாட்டைச் சொந்தக் குரலில் பாடி ஏற்றி நோட்டீஸ் வாங்கியவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

விரல் கணக்கு

எனக்கு ஸ்வரம் தெரியாது, விரல் தெரியும். பாட்டை ஓடவிட்டு, ஒரு அடிக்கு எத்தனை தட்டு, எது நீளும், எது குறுகும் என்று விரலில் எண்ணுவேன். ஒரு தட்டு கூடினாலும் அந்த வார்த்தைக்கு இடம் கிடையாது. இன்னொரு கண்டிப்பும் உண்டு. பாடுவதற்கு முன்னால் "இது இன்ன படத்து மெட்டு, இன்னார் போட்டது" என்று மைக்கில் சொல்லியாக வேண்டும். சொல்லமாட்டேன் என்பவருக்குப் பாட்டு இல்லை. அடுத்தவர் பண்டத்தை வாங்கினால் வாங்கினேன் என்று சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பெயர் கிறிஸ்டல் ஜெயசீலி. எந்த அடியிலும் உட்காரவில்லை. ஜெயா என்று சுருக்கலாமா, சீலி என்று வைக்கலாமா என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டேன். பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியோடு எழுந்துவிட்டார். "அண்ணாச்சி, பேரு அடங்கலன்னா மெட்டை மாத்துங்க. நீங்க கேக்குற கேள்வியைப் பாத்தா பொண்ணையே மாத்தச் சொல்லுவீங்க போலருக்கே!"

மழையில் வந்தது

என் பாட்டுகளைப் பாடியவர் மரியபுஷ்பம். கொழுந்து எடுக்கிற வேலை. அந்தச் சரிவில் அவர் பாடினால் இந்தச் சரிவில் கங்காணி திட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். என் மருமகள் ஜெசிந்தா ரிசார்ட்டில் வரவேற்பு வேலை பார்க்கிறாள். அவள்தான் என் பெயரில் ஒரு சேனல் தொடங்கி, மரியபுஷ்பம் பாடுவதைத் தன் போனில் பிடித்து ஏற்றினாள்.

அதில் ஒரே ஒரு பாட்டு சினிமா மெட்டு இல்லை. நல்ல மழை நாள். கொழுந்துச் சாக்கோடு பெண்கள் எடைக் கொட்டகையில் நெருக்கி நின்றிருந்தார்கள். மரியபுஷ்பம் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். எந்தப் படம் என்று கேட்டேன். எந்தப் படமும் இல்லை, தகரத்தில் மழை விழுகிற தாளத்துக்குத் தானே வருகிறது என்றார். அங்கேயே விரலில் எண்ணி வார்த்தை போட்டேன். மறுநாளும் மழை விடவில்லை; ஜெசிந்தா அதே கொட்டகையில் பாடவைத்துப் படம் பிடித்தாள். என் வழக்கப்படி மெட்டுக்காரர் பெயரைச் சொல்லச் சொன்னபோது மரியபுஷ்பத்துக்கு வெட்கம் தாங்கவில்லை, கடைசியில் ஜெசிந்தாதான் சொல்லவேண்டியிருந்தது. "எம்பேரை நானே எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்? பொஸ்தகத்துல எழுதுறவங்க மாதிரியில்லா இருக்கு!"

தலைவருக்கு ஒரு பாட்டு

கொல்லங்கோட்டிலிருந்து செந்தில் என்று ஒருவர் வந்தார். தென்னந்தோப்புக்காரர், ரசிகர் மன்றச் செயலாளர். அவர்கள் தலைவரின் புதுப் படம் வரப்போகிறதாம். தலைவரின் பழைய படப் பாட்டு மெட்டிலேயே தலைவரைப் புகழ்ந்து ஒரு பாட்டு வேண்டுமாம். எழுதினேன், மரியபுஷ்பம் பாடினார், சேனலில் ஏறியது. மன்றத்தார் தியேட்டர் வாசலில் அதைப் போட்டு ஆடினார்கள். ஆட்டம் முடிவதற்குள் சேனலிலிருந்து பாட்டைத் தூக்கிவிட்டார்கள். தூக்கச் சொன்னது, அந்தப் பழைய படத்தை எடுத்த கம்பெனி. எங்கள் சேனலுக்கு முதல் நோட்டீஸ்.

மெட்டு அவர்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் பாலும் ஊற்று, மாலையும் போடு, டிக்கெட்டும் வாங்கு, வாயை மட்டும் திறக்காதே என்றால் எப்படி? செந்தில் போனில் பொருமினார். "ஏனுங்க, எங்க தலைவரைப் புகழ்றதுக்கு எங்க தலைவர் படக் கம்பெனிகிட்டயே பர்மிசன் வாங்கோணுமுங்களா? அப்பத் திட்டிப் பாடுனா உட்ருவாங்களாட்ட இருக்குதுங்க!"

அணில்

மைக்செட் ஞானராஜ் ஒரு யோசனை சொன்னார். மெட்டைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாதாம். கிறிஸ்துமசுக்கு எழுதிய தாலாட்டை அப்படி ஓட்டி ஏற்றினார். மாட்டுத் தொழுவத்தில் மாதா பாடுவதுபோல எழுதியிருந்தேன். கேட்டால் கொய்யா மரத்தில் அணில் கத்துவதுபோல இருந்தது. பாலகன் எங்கே தூங்குவது? அதுவும் பிடிபட்டது. இரண்டாவது நோட்டீஸ், இன்னொன்று வந்தால் சேனலையே மூடிவிடுவோம் என்று எச்சரிக்கை. மரியபுஷ்பம் சொன்னது: "மாட்டுனது கூடப் பரவால்ல. என்னை அணிலாக்கில்லா மாட்டவச்சிட்டீங்க!"

பிரியாணியும் நன்றியும்

படப்பிடிப்புக்காரர்கள் எங்கள் பக்கம் வருவது புதிதில்லை. அப்படி வந்த ஒரு கூட்டத்தில் இருந்த தம்பி ஒருவர், கொழுந்தெடுக்கும் பெண்களிடம் ஏதாவது பாடச் சொன்னார். மரியபுஷ்பம் எடைக் கொட்டகைப் பாட்டைப் பாடினார். ரோமம் வைத்த மைக்கில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் பிரியாணி கொடுத்து, டைட்டிலில் பெயர் வரும் என்று சொல்லிப் போனார்கள்.

அந்தப் படம் வருவதற்குள் மரியபுஷ்பத்துக்குக் கழுத்தில் கட்டி வந்து, கோட்டயத்தில் ஆபரேஷன் ஆனது. உயிர் தங்கியது, குரல் வெறும் காற்றாகிவிட்டது. ஜெசிந்தா பாட்டைப் பிடித்த போன் ஏற்கெனவே ஆற்றில் விழுந்து போயிருந்தது. ஆகவே எங்களுக்கென்று அவர் பாடிய குரல் அந்தச் சேனலில் மட்டுமே இருந்தது. படம் வந்ததும் லயத்தில் பாதிப் பேர் ஜீப் பிடித்துப் போய்ப் பார்த்தோம். கதாநாயகி எடைக் கொட்டகை மெட்டைப் பாடி ஆடினார். வார்த்தைகள் வேறு, மெட்டில் ஒரு தட்டுக்கூட மாறவில்லை. நான் விரலில் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இசை என்று யாரோ ஒருவர் பெயர் வந்தது. கடைசி எழுத்து ஓடும்வரை நின்றோம். "நன்றி: மலைவாழ் பொதுமக்கள்" என்று வந்தது. எனக்குக் காது சுட்டது. மரியபுஷ்பம் என் கையைத் தட்டிக் காற்றுக் குரலில் சொன்னார்: "விடுங்க அண்ணாச்சி. பொதுமக்கள்னு போட்டிருக்காங்கல்ல, அதுல நானும் ஒருத்திதான்."

சார்ஜ் சீட்டு

மூன்றாவது நோட்டீஸ் அந்தப் பாட்டுக்குத்தான் வந்தது. அவர்கள் படத்து மெட்டை நாங்கள் திருடிவிட்டோமாம். பாட்டை எடுத்துவிட்டார்கள், ஒரு வாரத்தில் சேனலும் போகும். மற்ற பாட்டுகளை ஜெசிந்தா அவசரமாக இறக்கி வைத்தாள். நோட்டீஸ் விழுந்த பாட்டை மட்டும் இறக்கவிடவில்லை. மரியபுஷ்பம் சொந்தமாகப் போட்டது ஒரே மெட்டு, அதை அவர் பாடியதில் எங்களுக்கென்று இருந்தது ஒரே பதிவு. அதுதான் உள்ளே மாட்டிக்கொண்டது.

யூனியனில் இருந்த சேவியரிடம் போனோம். எஸ்டேட்டில் சார்ஜ் சீட்டு வந்தால் பதில் எழுத ஒரு முறை இருக்கிறது. முதல் வரியில் தவறு நடந்துவிட்டது, இரண்டாம் வரியில் இனி நடக்காது, மூன்றாம் வரியில் குடும்பக் கஷ்டம். தவறே செய்யாதவனும் அப்படித்தான் எழுதுவான்; எச்சரித்து விட்டுவிடுவார்கள். படம் வருவதற்கு முன்பே நம் பாட்டு ஏறிவிட்டது, தேதி அதிலேயே இருக்கிறது என்று நான் சொன்னேன். சேவியர் கையைக் காட்டி நிறுத்தினார். நியாயம் பேசினால் என்கொயரி வரும், மாப்பு அபேட்சைதான் வழி என்று மன்னிப்புக் கேட்டு எழுதி, கம்பெனிக்கு அனுப்பவைத்தார்.

மறுநாளே பதில் வந்தது: எங்கள் உரிமையை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சேவியர் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "எத்தனை துரைமாரைப் பாத்திருக்கேன். மாப்புக் கேட்டவனுக்கு நன்றி சொல்லிட்டு வேலையை விட்டுத் தூக்குன துரையை இப்பத்தான்டே பாக்கேன்!"

இரண்டு பேர்

தேவிகுளத்தில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். முதல் இரண்டு பாட்டும் இரவல் மெட்டு, அனுமதி இல்லாமல் வாதாடுவது கஷ்டம் என்று ஒளிக்காமல் சொன்னார். மூன்றாவது பாட்டை இரண்டு தடவை விவரமாகக் கேட்டுக்கொண்டார். இது எங்கள் பாட்டு என்று மறுப்புக் கொடுக்கலாம். ஆனால் பெயரும் முகவரியும் கொடுக்கவேண்டும், கம்பெனி வழக்குப் போட்டால் கோர்ட்டில் நிற்கவேண்டும், போடாவிட்டால் பாட்டு தானாகத் திரும்பிவிடும் என்றார். சேனல் என் பெயரில். கல்யாண வீட்டுக் கூட்டத்திலேயே நான் தூணுக்குப் பின்னால் நிற்கிறவன். ஆனாலும் இன்னார் மெட்டு என்று சொல்லாமல் ஒரு பாட்டையும் நான் வெளியே விட்டதில்லை. என்னைப் பார்த்துத் திருடன் என்கிறவர்களுக்கு ஒரு பெண்ணின் பெயரை டைட்டிலில் போட மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. வேறு காகிதத்தில் போட்டேன்.

"சேட்டா, கோர்ட்ல கேட்டா வாய் திறந்து பேசுவீங்களோ?" என்றார் வக்கீலம்மா. நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மரியபுஷ்பம் காற்றாகச் சொன்னார்: "அவருக்குப் பேச வராது, எனக்குப் பேச முடியாது. ரெண்டு பேருமா வந்து நிக்கோம். நீங்க பாட்டைப் போடுங்கம்மா, அது பேசும்."

முதல் பாராட்டு

கம்பெனி வழக்குப் போடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு நாள் பாட்டு தானாகத் திரும்பி வந்தது. ஜெசிந்தா முதல் வேலையாக அதை இறக்கி வைத்துவிட்டு, போனை மரியபுஷ்பம் கையில் கொடுத்தாள். அவர் தகர மழையோடு தன் குரலை முழுக்கக் கேட்டார். பிறகு, கீழே யாரோ ஏதோ எழுதியிருக்கிறார்களே, படி என்றார். அந்தப் படத்தின் ரசிகர் ஒருவர் எழுதியிருந்ததை ஜெசிந்தா தயங்கித் தயங்கிப் படித்தாள்: "படத்துப் பாட்டை எஸ்டேட் அக்கா நல்லாவே காப்பி பண்ணியிருக்காங்க. ஒரிஜினல் அளவுக்கு வரல, ஆனாலும் ஒரு ரசிகையா நல்ல முயற்சி!"

ரசிகர்களாக அவர்கள் மெட்டைப் பாடியபோது எங்களைத் திருடர்கள் என்றார்கள்; சொந்த மெட்டோடு நிற்கும்போது ரசிகர்கள் என்கிறார்கள்.